சூசை அண்ணை சொன்னதும் நான் சொன்னதும்

வேண்டுமென்றேதான் மாற்றிச் சொன்னேன். எனக்கு டேனிஷ் தெரியும், அந்தக் கேள்வியும் விளங்கியது, அந்தப் பதிலும் விளங்கியது. ஒரு மனிதர் தன் மனைவி பிள்ளைகளுக்காக வாய் திறந்து உதவி கேட்டார். நடுவில் இருந்தவன் நான். அவர் சொன்னதை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக இதை யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களுக்கு என்னைத் தெரியாது, அதனால்தான். தெரிந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுகிற துணிச்சல் இருந்திருந்தால் நான் ஏன் இப்படிக் கடதாசியோடு மல்லுக்கட்டுகிறேன்!

எண்பதுகளின் கடைசி. சில்க்போர்க் என்ற டேனிஷ் நகரில் இரண்டு அறை வீடொன்றில் நானும் சூசை அண்ணையும் இருந்தோம். அவர் மன்னார்க்காரர், கத்தோலிக்கர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஊரில் லொறி ஓட்டியவர். இங்கே கோழித் தொழிற்சாலையில் காலை ஐந்து மணி வேலை. நான் யாழ்ப்பாணம், சைவம், கலியாணம் முடித்து நாலாம் மாதம் ஓடி வந்தவன். இருவருக்கும் அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. மனைவி பிள்ளைகளை அழைக்க விண்ணப்பமும் போட்டாயிற்று. ஒரே நாளில், ஒரே மேசையில் இருந்து எழுதி, ஒரே தபாற்பெட்டியில் போட்டோம். எங்கள் கோப்பு எண்கள்கூட அடுத்தடுத்த எண்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு காத்திருப்பு... இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கடிதம் வரும். 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.' ஒவ்வொரு முறையும் அதே வசனம்! சட்டம் எங்கள் பக்கம் இருந்தும் மேலிடத்தில் கோப்புகளை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது நாட்டுக்கே பின்னால்தான் தெரிந்தது. 'தமிழர் வழக்கு' என்று டேனிஷ்காரர் இன்றைக்கும் சொல்லுவார்கள். அதில் ஓர் அரசாங்கமே விழுந்தது. ஆனால் அந்தக் கோடையில் எங்களுக்கு என்ன தெரியும்? ஏதோ நாங்கள்தான் பிழையாக எழுதிவிட்டோமோ, கையெழுத்து ஒழுங்கில்லையோ, பக்கத்து வீட்டுக்காரன் எங்கள் சமையல் மணத்தைப் பற்றி முறைப்பாடு செய்துவிட்டானோ... இப்படியெல்லாம் யோசித்துப் பயந்துகொண்டிருந்தோம்.

சூசை அண்ணைக்குப் பயம் இன்னும் அதிகம். மன்னாரில் அவருடைய மனைவி மதலேன் அக்கா, ஒன்பது வயது மகன், மூத்த மகள் ரெஜினா. ரெஜினாவுக்குப் பதினேழு முடிந்திருந்தது. பதினெட்டு முடிந்தால் அவளைப் பிள்ளை என்று கணக்கெடுக்கமாட்டார்கள். அந்த விதியை டேனிஷில் வாசித்து அவருக்கு விளங்கப்படுத்தியவனே நான்தான். அன்று தொடக்கம் அவர் சுவர்க் கலண்டரைப் பார்க்கிற பார்வையே வேறு.

அவருக்கு டேனிஷில் 'நன்றி'யும் 'காலை வணக்கமும்' மட்டும் வரும். "என்ரை வாய் நீதான் தம்பி" என்பார். எனக்கு அதில் பெருமை! டொக்டரிடம், வங்கியில், வேலைத்தலத்தில் எல்லாம் நான்தான் அவருக்காகக் கதைப்பேன். ஒரு மனிதனின் வாயாக இருப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கு இருபத்தேழு வயது. படித்தவன் என்ற தடிப்பு வேறு.

எங்களைக் கவனித்துக்கொண்ட டேனிஷ் அம்மா ஒருவர் இருந்தார், இங்கர் என்று பெயர், ஓய்வுபெற்ற ஆசிரியை. 'எந்நேரமும் தபாற்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும்' என்று சொல்லி ஒரு சனிக்கிழமை எங்களைக் கப்பலேற்றி சாம்ஸோ தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு தோட்டக்காரர் பழைய ஜீப்பில் ஆட்களை ஏற்றி அரைநாள் தீவைச் சுற்றிக் காட்டுவாராம். நல்ல காட்சியுள்ள இடங்களில் நிறுத்துவாராம். முடிவில் அவருடைய தோட்டத்துப் பழங்களில் செய்த வைனை ருசி பார்க்கலாமாம். இங்கரோடு கோபன்ஹேகனில் இருந்து அவருடைய சிநேகிதி கீர்ஸ்டன் என்பவரும் வந்திருந்தார்.

அந்த ஜீப்பைக் கண்டதும் சூசை அண்ணை நின்றுவிட்டார். பச்சை நிறம், மேலே துணிக்கூரை... அசல் ஆமி ஜீப்! எங்கள் ஊரில் அதைக் கண்டால் பின்படலையால் ஓடுவார்கள். இங்கே சிரித்துக்கொண்டு ஏறுகிறார்கள். அவர் மூன்று தரம் சிலுவை போட்டுவிட்டு ஏறிக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். முதல் மேடு வரைக்கும் கையை எடுக்கவில்லை.

"எங்கடை ஆக்கள் கண்டால் சிரிப்பினம், என்ன?" என்றார் பிறகு, மெல்ல.

மலை என்று சொன்னார்கள். ஏறிப் பார்த்தால் ஒரு பெரிய மண்மேடு! யாழ்ப்பாணத்தானுக்கும் மன்னாரானுக்கும் அதைப் பழிக்கிற தகுதி இல்லைத்தான், நாங்களும் தட்டை நிலத்தில் பிறந்தவர்கள்தானே. உச்சியில் நின்றால் மூன்று பக்கமும் கடல். இங்கர் எங்களைப் பார்த்து 'சந்தோஷமா?' என்று கேட்டார். 'ஓம், சந்தோஷம்' என்றோம். அடுத்த இடத்திலும் கேட்டார். அங்கேயும் சந்தோஷம் என்றோம். உள்ளுக்குள் எனக்கு ஒரே பதட்டம். சனிக்கிழமையும் தபால் வரும் நாடு இது. நாங்கள் இங்கே காற்று வாங்க, வீட்டில் கடிதம் கிடக்கிறதோ? கிடந்தால் என்ன எழுதியிருக்கும்? காட்சி பார்த்தேன் என்று சொல்கிறேனே தவிர, என் கண் கைக்கடிகாரத்தில்தான் இருந்தது.

கடைசியில் தோட்டம். செரி மரங்களுக்குக் கீழே நீள மேசை. ஆளுக்கு நாலு சின்னக் கிளாஸ். செரி, கருந்திராட்சை, அப்பிள் என்று தோட்டக்காரர் ஒவ்வொன்றாக ஊற்றினார். அவர்கள் கிளாஸை ஆட்டி, மணந்து, வாயில் வைத்துச் சுழற்றி, பக்கத்து வாளியில் துப்பினார்கள்! துப்புவதற்கு ஏன் ஊற்றுகிறார்கள் என்று விளங்காமல் நான் மடமடவென்று குடித்தேன். சூசை அண்ணை கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

இங்கர் தோட்டக்காரரோடு மரங்களைப் பார்க்கப் போயிருந்தார். கீர்ஸ்டன் என்னிடம் கேட்டார்: "இவர் ஏன் குடிக்கவில்லை?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். அதுவரை சரியாகத்தான் சொன்னேன்.

சூசை அண்ணை நிமிர்ந்து அந்த அம்மாவை நேரே பார்த்தார். "சொல்லு தம்பி. என்ரை மனிசி பிள்ளையள் இந்த மண்ணிலை வந்து இறங்கு மட்டும் தொடமாட்டன் எண்டு மடு மாதாவுக்கு நேர்த்தி. ஒண்டரை வருசமாக் கேக்கிறன். பதில் இல்லை. மகளுக்கு மாசியிலை பதினெட்டு முடியுது. அதுக்குப் பிறகு அவளை விடமாட்டினமாம். குமர்ப்பிள்ளையைச் சண்டைக்குள்ளை தனிய விட்டிட்டு எப்பிடித் தாய் வாறது? அம்மாவுக்கு ஆரையும் தெரியுமெண்டால் ஒருக்காக் கேக்கச் சொல்லு. காலிலை விழுந்து கேக்கிறன் எண்டு சொல்லு."

அவ்வளவும் சொன்னார். கீர்ஸ்டன் என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார், தான் பத்திரிகையில் எழுதுகிறவராம். தமிழ்க் குடும்பங்களை உள்ளே விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாராம். ஆனால் தன் பெயரோடு வெளியே சொல்ல ஒரு ஆளும் கிடைக்கவில்லையாம்.

பத்திரிகை!

எங்களுக்குள் அப்போது ஒரு கதை உலாவியது. பத்திரிகைக்குப் போனவனுடைய கோப்பை எடுத்து அடியில் போட்டுவிடுவார்கள் என்று. யார் சொன்னது? யாருக்கும் தெரியாது. அரசாங்கம் என்றால் பொல்லாதது, வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்தால் மனமிரங்கும் என்ற ஊர்ப் புத்தியோடு வந்தவர்கள் நாங்கள். சூசை அண்ணையின் கோப்பு இழுபட்டால் அதற்கு அடுத்த எண்? அது என் மனைவி! ஒரே விலாசம், ஒரே வீடு... எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். ஒரு மூச்சுக்குள் இத்தனையும் யோசித்தேன் என்றால் நம்புவீர்களா? பயந்தவனுக்கு யோசனை அத்தனை வேகமாக ஓடும்.

"அவருடைய சமயத்தில் குடிப்பதில்லை" என்றேன்.

"குடும்பம்?" என்று கேட்டார் கீர்ஸ்டன்.

"நலமாக இருக்கிறார்கள். விரைவில் வந்துவிடுவார்கள்."

"இவர் நிறையச் சொன்னாரே..."

"தீவு மிகவும் அழகு என்று சொல்கிறார்" என்றேன்.

ஐயோ! இன்றைக்கும் அதை எழுதக் கை கூசுகிறது. தீவு அழகாம்!

கீர்ஸ்டன் முழுக்க நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஒரு அட்டையை எடுத்து என் கையில் வைத்து, யாராவது பேச விரும்பினால் தொலைபேசி எடுக்கும்படி சொன்னார். சூசை அண்ணை அந்த அட்டையைப் பார்த்தார். அவர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா...

"என்னவாம் தம்பி?"

"பாவம் எண்டு சொல்லுறா அண்ணை. விசாரிச்சுப் பாக்கிறாவாம்."

இது இரண்டாவது பொய். முதலாவதைவிட இதுதான் கொடுமை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. முதலாவது பயத்தில் வந்தது. இரண்டாவது? நல்லவனாகத் தெரியவேண்டும் என்ற ஆசையில் வந்தது. திரும்பி வரும்போது அந்த அட்டையை நாலாகக் கிழித்துக் கப்பலின் கழிவறையில் போட்டேன். வெளியே வந்தால் சூசை அண்ணை இங்கர் அம்மாவின் கையைப் பிடித்து 'நன்றி, நன்றி' என்று தனக்குத் தெரிந்த டேனிஷை எல்லாம் சொல்லிக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தோம், தபாற்பெட்டியில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் கேட்பார். "அந்த அம்மா ஏதும் அறிவிச்சவவே?" "இன்னும் இல்லை அண்ணை. உப்பிடியான விசயங்கள் சுணங்கும்தானே."

ஐப்பசி மாதம் அவருடைய மைத்துனர் ஊரில் இருந்து எழுதினார். ஒரு முகவர் மூன்று பேரையும் ஜேர்மனிக்கு ஏற்றிவிடத் தயாராம், உடனே பதில் வேண்டுமாம். சூசை அண்ணை இரண்டு நாள் நடந்து நடந்து யோசித்தார். பிறகு என்னிடம் வந்து, "வேண்டாம் தம்பி. இஞ்சை அந்த அம்மா பாத்துக்கொண்டிருக்கேக்கை களவாக் கூப்பிட்டால் எல்லாம் குழம்பிப்போகும், என்ன?" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்! 'அண்ணை, ஒரு அம்மாவும் பார்க்கவில்லை' என்று ஒரே ஒரு வசனம்... நான் தலையாட்டினேன். அவர் மைத்துனருக்கு வேண்டாம் என்று எழுதினார்.

மாசி வந்தது, போனது. விண்ணப்பங்கள் அசையத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். என் மனைவிக்கு அனுமதி வந்த அதே கிழமை அவருக்கும் கடிதம் வந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். மனைவி வரலாம். மகன் வரலாம். மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அன்றைக்கு ஒரு எழுத்தையும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன்.

எல்லாருடைய கோப்பும் ஒன்றாகத்தான் முடங்கிக் கிடந்தது என்று பிறகு அறிந்தோம். யாருடைய கோப்பையும் யாரும் அடியில் போடவில்லை. எல்லாமே அடியில்தான் கிடந்தன! நான் வாயை மூடியதால் எனக்குக்கூட ஒரு நாள் முந்தவில்லை.

மதலேன் அக்கா மகனோடு வந்தார். ரெஜினா சின்னம்மா வீட்டில் நின்றாள். அடுத்த வருடம் சண்டை முற்றியபோது வள்ளத்தில் இராமேஸ்வரம் போய் முகாமில் இருந்தாள். அங்கேயே கலியாணம், அங்கேயே பிள்ளைகள். மதலேன் அக்கா மகளைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். நீங்கள் கேட்கலாம், அன்று சரியாகச் சொல்லியிருந்தால் மட்டும் அவள் வந்திருப்பாளா என்று. தெரியாது. பத்திரிகையில் வந்திருந்தாலும் ஒன்றும் நடக்காமல் போயிருக்கலாம். இந்த 'தெரியாது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் தூங்கினேன். ஆனால் முகவர்? அதை நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது.

சூசை அண்ணை ஒவ்வொரு உயிர்ப்பு ஞாயிறுக்கு முன்னும் கோவில் கூண்டில் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர். 'என்ன பாவம் அண்ணை உங்களுக்கு?' என்று ஒருமுறை பகிடியாகக் கேட்டேன். "மகளை விட்டிட்டன் தம்பி, வேறை என்ன" என்றார். என்னுடைய பாவத்தை அவர் முழங்காலில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார்! நான் சைவக்காரன், எனக்கு அந்தக் கூண்டும் இல்லை.

இந்த வசந்தத்தில் ரெஜினா வந்தாள். இரண்டு முறை விசா மறுக்கப்பட்டு மூன்றாம் முறை கிடைத்து, பத்து நாளுக்கு. ஐம்பது கடந்த பெண், தலை பாதி நரைத்திருந்தது. தகப்பனோடு ஒரே வீட்டில் இருந்தாள், ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில். எட்டாம் நாள் தனியாக என் வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணி வைத்தேன். குடிக்கவில்லை.

"மாமா, உங்களிட்டை ஒண்டு கேக்கோணும். அந்த நேரம் அப்பா எனக்காக ஆரிட்டையாவது வாய் திறந்து கேட்டவரோ? அவருக்குப் பாஷை தெரியாது, நீங்கள்தான் கூட இருந்தனீங்கள். முகவர் வந்ததையும் அவர்தான் மறிச்சவராம், அப்பாவுக்குக் கடிதம் போட்ட எங்கடை தாய்மாமன் சொன்னவர். கேட்டவர் எண்டு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் காணும். நான் அவரோடை கதைப்பன்."

ஒரு வார்த்தை! உலகத்தில் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். 'கேட்டவர்' என்றால் அடுத்த கேள்வி வரும்: ஆரிட்டை, எப்ப, அவ என்ன சொன்னவ... இருபத்தேழு வயதில் ஓடிய அதே கணக்கு மறுபடி ஓடியது. இந்த அறுபத்து நாலு வயதிலும் அந்தப் பயம் அப்படியே இருக்கிறதே, வெட்கமில்லாமல்!

"கனகாலமாச்சுப் பிள்ளை. எனக்கு வடிவா ஞாபகம் இல்லை" என்றேன்.

அவள் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாள்.

ஞாயிறு காலை அவள் விமானம் ஏறினாள். பின்னேரம் சூசை அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"போயிட்டாள் தம்பி. கடைசி வரைக்கும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. உன்ரை வீட்டை வந்தவளாம். என்னைப் பற்றி ஏதும் சொன்னவளே?"

"ஓம் அண்ணை" என்றேன். "உங்களிலை சரியான பாசம் எண்டு சொன்னவள். வெளியிலை காட்டத் தெரியேல்லையாம்."

மறுமுனையில் அவர் அழுதார். மூக்கைச் சீறினார்.

"அப்பச் சரி தம்பி" என்றார். "நீ சொன்னால் சரிதான்."