தேவிகாவின் ஃபோல்டர்

மோகனாவுக்குக் குரல் கம்மி. கேன்டீனில் இன்னொரு கரண்டி சாம்பார் வேண்டுமென்றால்கூடப் பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்கச் சொல்வாள். கணியம்பாடியிலிருந்து பஸ் மாறி ஆம்பூருக்கு வந்து, எங்கள் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் மெஷினுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுகிறாள். நான் அங்கே குவாலிட்டி செக்கிங். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். யாரையும் லேசில் பாராட்ட மாட்டேன். இவளைப் பற்றி எழுத உட்கார்ந்தது எனக்கே ஆச்சரியம்தான்.

எங்கள் கட்டிங் செக்‌ஷனில் ஒருவர் கத்தியை இன்னொருவர் தொடமாட்டார். கம்ப்யூட்டர் மெஷின் வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. ஆபரேட்டர்கள் ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டு, பொது ஃபோல்டரில் இருந்த ஷூ டிசைன்களை அதில் தனியாக நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். மோகனாவுக்கு இது தெரியாது. புரோகிராமை எந்த ஃபோல்டரிலிருந்து ஓட்டினாலும் ஒன்றுதான் என்று அவளே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆபரேட்டர் கவுஸ் பாஷா ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் தேவிகா உட்கார்ந்தாள். பசை தடவி ஒட்டும் பேஸ்டிங் டேபிளில் பல வருடம் குனிந்து கிடந்து, போன சீசனில்தான் மெஷினுக்கு வந்தவள். தன் ஃபோல்டரைத் திறந்து அங்கிருந்தே ஓட்டினாள். அதில் இருந்தது போன சீசன் நகல். புது டிசைனுக்கும் அதே பெயர். பாஷா வருவதற்குள் நல்ல தோல் ஒரு கட்டு பழைய அளவில் துண்டு துண்டாகிவிட்டது. அதைக் கண்டுபிடித்தவள் நான்தான்.

மேனேஜர் கிருஷ்ணராஜ் செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "கண்ண எங்க வெச்சினு வேல செய்ற? போ, பேஸ்டிங்குக்கே போ."

தேவிகா போய்விட்டாள். மோகனாவுக்கு மனசு கேட்கவில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலின் இடத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம். பள்ளிவாசலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு என்பது ஒரு விதம். கேட்பவர் எந்த ஊரில் நிற்கிறாரோ அந்த ஊர்ப் பள்ளிவாசலுக்குத்தான் போவார். மாவட்டத்தில் தொடங்கிக் கதவு எண் வரை முழு விலாசம் சொல்வது இன்னொரு விதம். மோகனா எழுதியிருந்தது முதல் விதம். சி மொழியில் ரியல்பாத் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. அரைகுறை விலாசத்தைக் கொடுத்தால், நிற்கிற இடத்தை வைத்து முழு விலாசமாக்கித் தரும். மறுநாள் மோகனா தேவிகாவின் ஃபோல்டரிலிருந்து புரோகிராமை ஓட்டி, அந்த விலாசத்தைத் திரையில் வரவழைத்தாள். நடுவில் தேவிகாவின் பெயர் இருந்தது.

மேனேஜருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "பாத்தியா, அவ ஃபோல்டர்ல இருந்துதான் எடுத்துக்குது. நான் சொன்னது கரெக்ட்டா போச்சி."

"இல்ல சார். எங்க இருந்து ஓட்றாங்களோ அங்கயே தேடுன்னு எழுதுனது நானு. பாஷா பாய் எப்பவும் பொது ஃபோல்டர்ல இருந்து ஓட்டுவாரு. அதான் இத்தினி நாளா தெரில."

"சரி, சத்தமில்லாம சரி பண்ணிடு. வெளிய சொல்லிக்கினு இருக்காத. உனக்கும் பேஜார், எனக்கும் பேஜார்."

அவள் சரி செய்தாள். இனி யார் எங்கிருந்து ஓட்டினாலும் பொது ஃபோல்டரின் முழு விலாசத்தில்தான் தேடும். வெட்டுவதற்கு முன் அந்த விலாசம் திரையில் வரும். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் இருந்திருப்பேன். அவளோ தேவிகாவைத் திரும்ப மெஷினில் போடச் சொல்லி மேனேஜரை நச்சரித்தாள். தொல்லை தாங்காமல் அவர் பேஸ்டிங் டேபிளுக்கு வந்து, "மெஷினுக்குப் போம்மா" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை.

தேவிகா நகரவில்லை. "எல்லார் எதிர்லயும் தான சார் திட்டுனீங்க? எம்மேல தப்பில்லன்னு அதே மாதிரி சொல்லுங்க. அப்பறம் போறேன்."

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். யார் கூப்பிட்டார்களோ தெரியாது. மணி அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

மோகனா நேராக மெஷினுக்குப் போய் நிறுத்தும் பட்டனை அழுத்தினாள். சத்தம் நின்றதும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவள் ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

"கேக்கல மா," என்றார் பாஷா.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தோலு வீணாப் போனதுக்கு நான்தான் காரணம். நான் எழுதுன புரோகிராம் தப்பு. தேவிகா அக்கா நான் சொல்லிக்குடுத்த மாதிரிதான் ஓட்டுனாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாஷா எழுந்து இடம் விட்டார். தேவிகா கையில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். திரையில் வந்த விலாசத்தை முதலிலிருந்து கடைசி வரை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். பட்டனை அழுத்தாமல் மோகனாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்குது, அழுத்துங்கக்கா" என்றாள் மோகனா. அது பேஸ்டிங் டேபிள் வரைக்கும் கேட்டது.