அத்திம்பேர் கொண்டுவந்த கடலாமை

ரயில்வே குமாஸ்தாவான என் அக்கா கணவர், ராமேஸ்வரத்திலிருந்து ஒரு கடலாமையை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "வலையில மாட்டி அடிபட்டிருக்கு. தேறினதும் கடல்லயே விட்டுடலாம். பார்த்துக்கோ" என்றார்.

கொல்லையில் இருந்த கல்தொட்டியில் உப்பைக் கரைத்து அதை விட்டேன். காயத்துக்கு மஞ்சள் பூசினேன். கீரையை அது தொடவில்லை. அத்திம்பேர்தான் ஈரச் சாக்கில் கடற்புல் வரவழைத்துத் தந்தார். எவ்வளவு இரக்கமான மனிதர் என்று நெகிழ்ந்துபோனேன். ஆமையும் நன்றாகத் தேறியது.

ஒரு நாள் அவர் வண்டியோடு வந்தார். "நாளைக்கு எங்க துரை பங்களால விருந்து. ஆமை சூப்புன்னா அவருக்கு உசிரு."

"கடல்ல விடறதாச் சொன்னேளே, அத்திம்பேர்."

"மெலிஞ்ச ஆமைல என்ன இருக்கு? அந்தப் புல்லைத் தின்னாத்தான் கொழுப்பு பச்சையா ஏறும். சூப்புக்கு அதுதான் ருசி."

நான் தடுத்தும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். விருந்துக்காக அதைக் கொழுக்கவைத்தது என் கைதான் என்று நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

ஆனாலும் அவர் தருவதை நான் மறுப்பதில்லை. போன மாதம், காலில் அடிபட்ட இரண்டு கௌதாரிகளைக் கொடுத்து, "பாவம், பார்த்துக்கோ" என்றார். பார்த்துக்கொண்டேன். தேறியதும் கொள்ளிடக் கரையில் கூண்டைத் திறந்துவிட்டேன். அவர் வந்து கேட்டபோது, பறந்துவிட்டன என்றேன்.