வழுக்குத் தண்ணீர்

குழாயடியில் குனிந்து, தண்ணீரைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்க்கிறார் சிங்காரவேல். வழுக்கினால்தான் வாளி கூடத்து மீன்தொட்டிக்குப் போகும். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் இருபத்தாறு வருடமாக மண்குழம்பு கலக்குகிறவர். சொந்த விரலைத் தவிர வேறு யாரையும் நம்பமாட்டார்.

ஊர்த் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். அதில் கலக்கினால் குழம்பு கட்டிதட்டி அச்சுக்குள் ஓடாது. சோடா போட்டுக் கெஞ்ச வேண்டும். போன வருடம் வீட்டு மாடியில், சுண்ணாம்பை எடுத்துத் தண்ணீரை வழுக்கலாக்கும் சாஃப்ட்னர் மிஷின் வைத்ததும், முதல் வாளியைப் பட்டறைக்குத்தான் தூக்கிப் போனார். குழம்பு எண்ணெயாக ஓடியது. "மண்ணே ஏத்துக்கிச்சு, மீனு ஏத்துக்காதா?" என்று தொட்டியையும் அதிலேயே நிரப்பினார். பதினைந்து நாளைக்கு ஒருதரம் மிஷினில் உப்பு மூட்டையைக் கொட்டுவார். உப்பு உள்ளேயே தங்கிவிடும் என்று அவருக்கு நினைப்பு.

அடுப்படி உப்பு டப்பாவும் அவர் கையில்தான். மனைவி அமுதவள்ளிக்கு ரத்தக்கொதிப்பு. உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் வீட்டை விட்டே போய்விட்டன. ஆனாலும் அமுதவள்ளியின் கால்வீக்கம் வடியவில்லை. கணுக்காலை அழுத்திப் பார்த்தால் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. "சுத்தமான தண்ணிதான, நெறைய குடி" என்று மணிக்கு ஒரு டம்ளர் தானே பிடித்துக் கொடுப்பார். பாவம், அத்தனை பாசம்.

இதற்கிடையில் தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியாமல் போனது. கண்ணாடியில் வெள்ளைக்கறை இல்லை. ஆறு தங்கமீன்களும் வெறுங்காற்றில் தொங்கின. தொட்டியில் விட்டிருந்த நத்தைகளின் ஓடு நாளுக்கு நாள் மெலிந்து, உள்ளே உடம்பு நெளிவது வெளியே தெரிந்தது. ஒருநாள் உடம்பும் இல்லை. மீன்கள் அமுதவள்ளியின் நாற்காலியைப் பார்த்தபடி அசையாமல் நிற்கத் தொடங்கின. இரை போட்டாலும் திரும்பவில்லை. தன்னையே பார்க்கின்றன, துணி போட்டு மூடுங்கள் என்றார் அமுதவள்ளி. சிங்காரவேல் சிரித்துவிட்டு, நாற்காலியைத் தொட்டியின் மறுபக்கம் நகர்த்திப் போட்டார். மறுநாள் மீன்களும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தன.

வாரத்துக்கு ஒன்றாகச் செத்தன. ஒவ்வொன்று சாகும்போதும், தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் இரண்டு வாளி அதையே மாற்றினார்.

ஒரே ஒரு மீன் மிஞ்சியபோதுதான், ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் மீன்கடை வைத்திருக்கும் பிரேம்நாத்திடம் போனார். பிரேம்நாத் அதில் சோதனைக் காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் என்ன மிஷின் என்று கேட்டான்.

"அண்ணே, அது சுண்ணாம்ப எடுத்துக்கிட்டு, உப்புல இருக்கிற சோடியத்த தண்ணியில வுடுது. நாக்குக்குத் தெரியாது. மீன வுடுங்க, கொதிப்பு இருக்கிறவங்களே அதக் குடிக்கக் கூடாதும்பாங்க."

பாட்டிலைக் கடையிலேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். வழியில் பாலக்கரையில் யாரோ கூப்பிட்டது காதில் விழவில்லை.

அமுதவள்ளி நாற்காலியில் இருந்தார். எதிரே அந்த ஒற்றை மீன். கணவர் சொல்லிவிட்டுப் போனபடியே மணி தவறாமல் டம்ளரை நிரப்பி, வாய்க்குக் கொண்டுபோகிற நேரம். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்த சிங்காரவேல், டம்ளரின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்தினார்.