விஜயதசமியன்று கிளம்பாத கம்ப்யூட்டர்

கோமதி எந்தச் சாமானையும் அடையாளம் வைக்காமல் வெளி ஆள் கையில் கொடுக்கமாட்டாள். இஸ்திரிக்குப் போகும் புடவையின் ஓரத்தில் ஒரு நூல் முடிச்சு இருக்கும். மண்ணெண்ணெய் டின்னில் பென்சில் கோடு இருக்கும். எழுபத்தாறில் ஒரு தடவை ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போய் வேறு மோட்டாரோடு வந்து சேர்ந்தது. பழைய மோட்டார் இதுவல்ல என்று அவளால் நிரூபிக்க முடியவில்லை. அன்றிலிருந்து கரண்ட்டில் ஓடும் எதுவானாலும் அதன் வயிற்றுக்குள் ஊக்கு முனையால் மூன்று கோடு கிழித்துவிடுவாள்.

அறுபத்தொன்பதில் கல்யாணமாகிக் கல்கத்தா வந்தவள். ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய சந்தில் மாடிப் போர்ஷன். வந்த மூன்றாம் மாதமே, மீன்காரனைத் தவிர சந்தில் வரும் அத்தனை வியாபாரிகளிடமும் பெங்காலியில் சண்டை போடத் தெரிந்துகொண்டாள். மீன்காரனிடம் அவளுக்கு வேலை இல்லை.

கணவர் ஜம்புநாதன் டல்ஹௌசியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் ஸ்டெனோ. எண்பத்தாறில் கம்பெனியை மூடினார்கள். கைக்கு வந்ததை பாங்கில் போடுங்கள் என்று கோமதி சொன்னாள். அவர் கம்ப்யூட்டர் வாங்கினார். காலேஜ் பசங்களுக்கு தீசிஸ் அடித்துக் கொடுக்கலாம், டைப்ரைட்டர் மாதிரி ஒரு தப்புக்காகப் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டாம் என்றார். அவள் ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் பெட்டியின் மூடியைக் கழற்றச் சொல்லி, உள்ளே இருந்த ஒவ்வொரு தகரத்திலும் மூன்று கோடு கிழித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்த மெஷினுக்குச் சொந்தமாக ஞாபகம் கிடையாது. முன்பக்கம் இரண்டு வாய். இடது வாயில் ஸ்டார்ட் டிஸ்க்கைக் கொடுத்தால்தான் கண்ணைத் திறக்கும். அடித்ததெல்லாம் வேறு டிஸ்க்கில் இருக்கும், அதை வலது வாயில் கொடுக்க வேண்டும். டிஸ்க் என்றால் அப்பள அகலத்துக்கு ஒரு கருப்புச் சதுரம். வளைக்காதே, காந்தம் வைக்காதே, விரல் படாதே என்று ஜம்புநாதன் தினம் ஒரு தடவை சொல்லுவார்.

எண்பத்தெட்டாம் வருஷ துர்கா பூஜா சமயத்தில் அப்படி ஒரு டிஸ்க்கில் மீனாக்ஷியின் தீசிஸ் இருந்தது. கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் தமிழ்ப் பெண். ஏரியில் படரும் ஆகாயத்தாமரையைப் பற்றி ஐந்து வருஷம் ஆராய்ச்சி. நாலு மாசமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்து, ஜம்புநாதன் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்தம் சொன்னாள். அவள் கை நோட்டில் இருந்தது பழைய வடிவம்தான். திருத்திய இருநூற்றுப் பதினாலு பக்கமும் ஒரு டிஸ்க்கிலும் அதன் காப்பியிலும் மட்டுமே. இனி அச்செடுக்க வேண்டியதுதான் பாக்கி. லக்ஷ்மி பூஜை கழிந்து யுனிவர்சிடி திறக்கும் முதல் நாள்தான் கடைசித் தேதி. தாக்கல் செய்த ரசீதைக் காட்டினால்தான் ஒரு காலேஜில் லெக்சரர் வேலைக்கு இன்டர்வியூவில் உட்கார முடியும்.

நவமியன்று சரஸ்வதி பூஜை. கம்ப்யூட்டருக்குப் பட்டுத் துண்டு சாத்தி, டிஸ்க்குகளையும் புஸ்தகங்களையும் அடுக்கிப் பூஜை போட்டார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூஜை முடிந்ததும், முதல் டிஸ்க்கை நீயே உன் கையால் போடு என்றார் ஜம்புநாதன். கோமதி உறையிலிருந்து எடுத்து இடது வாயில் தள்ளி, கொக்கியைச் சாய்த்தாள். சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது, பச்சைத் திரை வெளிச்சமாயிற்று, இடது வாய் கர்ர் கர்ர் என்று இருமியது. டிஸ்க் சரியில்லை, வேறு போடு என்ற பொருளில் இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றுவிட்டது.

ஜம்புநாதன் அணைத்துப் போட்டார். அதே இருமல், அதே வரி. ஸ்டெபிலைசரின் முள்ளைப் பார்த்தார், வோல்டேஜ் சரியாகத்தான் இருந்தது. பிளக்கைப் பிடுங்கி வேறு துளையில் சொருகினார். கீபோர்டு ஒயரை எடுத்து மாட்டினார். கடைசியில், அலமாரி இழுப்பறையில் கோமதி பூட்டி வைத்திருந்த இன்னொரு ஸ்டார்ட் டிஸ்க்கை எடுத்துவரச் சொன்னார். அது பூஜைக்கே வராத டிஸ்க். அதைப் போட்டாலும் அதே இருமல்.

"ரெண்டு டிஸ்க்கும் ஒரே நாள்ல கெட்டுப்போகாது. உள்ளதான் ஏதோ ஆயிருக்கு" என்றார்.

கோமதிக்கு அது போதுமாயிருந்தது. பஞ்சமியன்று பிஜன் வந்துபோனது அவள் கண்முன் வந்தது. மெஷினை விற்றவனும் அவன்தான், மாசம் ஒரு தடவை வந்து தூசி தட்டுகிறவனும் அவன்தான். அன்றைக்கு மூடியைக் கழற்றியவன் நடுவில் டீ கேட்டான். அதற்கு முன் டீ கேட்டதே இல்லை. அவள் டம்ளரோடு திரும்பியபோது அவன் தன் தோல்பையின் வாயை மூடிக்கொண்டிருந்தான். பூஜாவுக்கு வீட்டுக்குத் துணிமணி வாங்க வேண்டியிருக்கும். நல்ல பாகத்தை எடுத்துவிட்டுப் பழசை மாட்டியிருப்பான்.

ஜம்புநாதன், அவன் அப்படிப்பட்ட பையன் இல்லை என்றார். ஃபிரிட்ஜ்காரனையும் நீங்கள் இப்படித்தான் சொன்னீர்கள் என்றாள்.

ஊரே பூஜாவில் இருந்தது. எந்தக் கடையும் திறக்கவில்லை. பிஜன் வீடு சேத்லாவில் என்று மட்டும் தெரியும். சாயங்காலம் அவள் தனியாகவே கிளம்பிப் போய், பந்தல் பந்தலாக விசாரித்து, ஆற்றில் கரைப்பதற்காக அம்மன் சிலையை லாரியில் ஏற்றுகிற கூட்டத்துக்கு நடுவே நெற்றியெல்லாம் சிந்தூரமாக நின்றவனைக் கண்டுபிடித்தாள். மெஷின் கிளம்பவில்லை என்று மட்டும் சொன்னாள். சந்தேகத்தைச் சொல்லவில்லை. சொன்னால் உஷாராகிவிடுவான்.

அவன் ராத்திரியே வருகிறேன் என்றான். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் இருட்டில் எவன் மெஷினைத் திறப்பான், காலையில் வா என்றாள்.

காலை எட்டு மணிக்கு வந்தான். வந்ததும் குனிந்து அவள் காலைத் தொட்டான். தசமி கழிந்தால் பெரியவர்களை அப்படி வணங்குவது அங்கே வழக்கம் என்று அவளுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் இத்தனை மாசம் இல்லாமல் இன்றைக்கு இவ்வளவு பணிவு எதற்கு என்று அவள் கால் தானாகவே பின்னால் போயிற்று.

அன்றைக்கு டீ போட எழுந்திருக்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். மூடி கழன்றதும், அவனைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, தலையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கரண்ட் பெட்டியில் மூன்று கோடு. இடது வாயின் தகரத்தில் மூன்று கோடு. வலது வாயிலும் இருந்தது. எல்லாமே அவள் கீறியதுதான்.

பிஜன் அவளையும் அந்தக் கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தான். அவளை மாஷிமா, அதாவது சித்தி என்றுதான் கூப்பிடுவான்.

"இந்தக் கோடு எல்லாம் எலி பல்லு பட்டதுன்னு நெனச்சேன் மாஷிமா. நீங்களா போட்டது?"

"நான்தான். எலிக்கு ஏது ஊக்கு?"

"எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு நேரம் பிடித்தது. பாகம் மாறவில்லை என்றால் பாகத்தைக் கெடுத்திருப்பான் என்று அடுத்த கணமே தோன்றியது. டார்ச்சை அணைக்கவில்லை.

பிஜன் இடது வாயைத் திருகாணி கழற்றி வெளியே எடுத்தான். அதற்குள்ளே, டேப் ரிக்கார்டரில் இருப்பதுபோல, டிஸ்க்கைத் தொட்டுப் படிக்கிற சின்ன ஹெட் ஒன்று இருக்கும். அது சுத்தமாக இல்லாவிட்டால் எந்த டிஸ்க்கைப் போட்டாலும் படிக்காது என்று ஜம்புநாதனுக்கு விளக்கிக்கொண்டே, பஞ்சைச் சுற்றிய குச்சியால் துடைத்தான். பஞ்சு மஞ்சளாக வந்தது. இன்னொன்று துடைத்தான், அது லேசான சிவப்பாக வந்தது. மூக்கருகே கொண்டுபோனான்.

"சந்தன வாசனை வருது மாஷிமா" என்றான்.

கோமதிக்கு உடனே புரிந்துவிட்டது. நவமியன்று பூஜை சாமானுக்கெல்லாம் சந்தனக் குங்குமம் வைத்தவள் அவள்தான். டிஸ்க்கை வைக்காமல் விடுவதா என்று உறையிலிருந்து எடுத்தாள். லேபிளில் வைத்தால் எழுத்து அழியும். லேபிளுக்குக் கீழே நீளவாக்கில் ஒரு ஜன்னல் மாதிரி திறந்திருந்தது, கருப்பாக, வழவழப்பாக, ஒன்றும் எழுதாமல். அங்கே வைத்தாள். காய்ந்ததும் உறையில் போட்டாள். அந்த ஜன்னல் வழியாகத்தான் ஹெட் படிக்கிறது. காய்ந்த சந்தனம் சுற்றுகிற வேகத்தில் உதிர்ந்து ஹெட்டில் அப்பிக்கொண்டது. அந்த அழுக்கு ஹெட் அலமாரி டிஸ்க்கையும் படிக்கவில்லை.

ஜம்புநாதன் மெதுவாகத் திரும்பினார். "விரல் படாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"விரல் படலை. தீக்குச்சியாலதான் வெச்சேன்."

பிஜன் சிரித்துவிட்டான். எங்கள் வீட்டிலும் சரஸ்வதி பூஜையில் புஸ்தகம் வைப்போம், ஆனால் புஸ்தகத்தின் உள்ளே சந்தனம் பூசமாட்டோம் என்றான். ஸ்டார்ட் டிஸ்க் இரண்டும் போனால் போகட்டும், என்னிடம் வேறு இருக்கிறது, ஹெட்டைச் சுத்தம் பண்ணினால் மெஷின் கிளம்பிவிடும் என்றான். அவன் தேறுதல் சொல்லச் சொல்ல அவள் முகம் இன்னும் கறுத்தது. எழுந்து பூஜை அலமாரிக்குப் போய் இரண்டு உறைகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். மீனாக்ஷியின் தீசிஸும் அதன் காப்பியும்.

பிஜன் உறையை உருவினான். ஜன்னலில் வட்டமான சந்தனம், நடுவில் குங்குமம். அடுத்ததிலும் அதே மாதிரி.

"ரெண்டுலயுமா?" என்றார் ஜம்புநாதன்.

"ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு வெக்காம விடுவாளா? அந்தப் பொண்ணு காரியம் நல்லபடியா நடக்கணும்னுதான்."

அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு தணிந்து யாரும் கேட்டதில்லை.

பிஜன் அவற்றை மெஷினில் போடவில்லை. போட்டால் ஹெட் சந்தனத்தோடு சேர்த்து எழுத்தையும் கிழித்துவிடும் என்றான். ஒரு ஆபீசில் டீ கொட்டிய டிஸ்க்கைப் பிழைக்கவைத்த கதையைச் சொன்னான். கருப்புச் சட்டையை ஓரத்தில் பிளேடால் நறுக்கி, உள்ளே இருக்கும் வட்டத் தகட்டை எடுத்துத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, புது டிஸ்க்கின் சட்டைக்குள் போட்டால் ஒரு தடவையாவது படிக்கும். அந்த ஒரு தடவையில் காப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆபீசில் அது அவனுக்குச் சரியாக வந்தது. எப்போதும் வருமா என்று தெரியாது.

"நீ நறுக்கு. கழுவுறது நான்" என்றாள் கோமதி.

குழாய்த் தண்ணீரை அவள் நம்பவில்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றினாள். சோப்பு போடலாமா என்று பிஜன் கேட்டதற்கு, பட்டுப்புடவையில் சந்தனம் பட்டால் சோப்பா போடுவார்கள் என்றாள். தேய்க்கவில்லை. கண்ணாடிக் காகிதம் மாதிரி மெல்லிசாக இருந்த அந்தத் தகட்டின் நடுத்துளையில் இரண்டு விரலைக் கொடுத்து ஊறவிட்டாள். சந்தனம் தானாக இளகித் தண்ணீரில் இறங்கியது. மூன்று தண்ணீர் மாற்றினாள். ஜம்புநாதனின் பழைய மல் வேஷ்டியைக் கிழித்து, துடைக்காமல் மேலே போட்டு எடுத்து, போட்டு எடுத்து, ஈரத்தை வாங்கினாள். இரண்டு தகடும் நிழலில் காய்கிற வரைக்கும் நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு யாரையும் அந்தப் பக்கம் வரவிடவில்லை.

பதினோரு மணிக்கு பிஜனின் ஸ்டார்ட் டிஸ்க்கில் மெஷின் கிளம்பியது. வலது வாயில் கழுவிய முதல் டிஸ்க். நூற்று நாற்பது பக்கம் வந்தது, அதற்கு மேல் கர்ர் என்றது. சந்தனத்தில் இருந்த ஏதோ நறுநறுப்பு கோடு போட்டுவிட்டது என்றான். இரண்டாவது டிஸ்க்கில் மீதி வந்தது, நடுவில் ஒன்பது பக்கம் தவிர. அந்த ஒன்பது இரண்டிலுமே இல்லை.

அப்போதுதான் மீனாக்ஷி படியேறி வந்தாள், கையில் ஸ்வீட் பெட்டியோடு. கழற்றிப்போட்ட மெஷினையும் நறுக்கிய டிஸ்க்குகளையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். தன் தீசிஸ் என்னவாயிற்று என்று ஜம்புநாதனைக் கேட்டாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் பிஜன் முந்திக்கொண்டான். மழைக்கால ஈரம், டிஸ்க் பூசணம் பிடித்துவிட்டது, கல்கத்தாவில் இதெல்லாம் சகஜம் என்றான். பொய் சொல்கிறவன் மாதிரியே தெரியவில்லை.

கோமதிக்கு அவன் உபகாரம் புரிந்தது. கூடவே இதுவும் புரிந்தது: இன்றைக்கு இவன் வாயை மூடிக்கொண்டால், நாளைக்கு இவன் எதைக் கேட்டாலும் மறுக்க முடியாது. இவனுடைய பொய்யை இவன் கையில் விட்டுவைக்கக் கூடாது. ஒருவேளை அவன் எதுவுமே கேட்கமாட்டானாக இருக்கும். அதைத் தெரிந்துகொள்வதற்காகக் காத்திருக்க அவள் தயாராக இல்லை.

"ஈரமும் இல்லை, பூசணமும் இல்லை. நான்தான் சந்தனம் வெச்சுக் கெடுத்தேன். ஒம்பது பக்கம் போயிடுத்து" என்றாள் தமிழில். பிறகு பிஜன் பக்கம் திரும்பிப் பெங்காலியில், "டீ கேட்டே, பையை மூடினே. நீதான் எதையோ எடுத்துட்டேன்னு நேத்து ராத்திரி பூரா நெனச்சிண்டிருந்தேன். அதையும் சொல்லிட்டேன்" என்றாள்.

பிஜனின் காது சிவந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து தலைவலி, அதனால்தான் டீ கேட்டேன் என்று மட்டும் சொன்னான்.

மீனாக்ஷி பெட்டியைக் கீழே வைத்தாள். எந்த ஒன்பது பக்கம் என்று கேட்டாள். திரையில் எண்ணைப் பார்த்ததும் கண்ணை மூடி யோசித்தாள். வேர் நீளத்தை அளந்த அத்தியாயம், அட்டவணை நோட்டில் இருக்கிறது, மற்றதை என்னால் திரும்பச் சொல்ல முடியும் என்றாள். கோபித்துக்கொள்ளவில்லை. கோமதியின் முகத்தையும் பார்க்கவில்லை. அதைவிடக் கோபித்துக்கொண்டிருக்கலாம் என்று கோமதிக்குப் பட்டது.

நாலு நாள் அந்தப் பெண் அங்கேயே தங்கினாள். அவள் சொல்லச் சொல்ல ஜம்புநாதன் அடித்தார். கோமதி அட்டவணையின் எண்களை உரக்கப் படித்து, திரையில் வந்த ஒவ்வொன்றின் கீழும் ஸ்கேலை வைத்துச் சரிபார்த்தாள். இரண்டு இடத்தில் தப்பு கண்டுபிடித்தாள். ஒன்று ஜம்புநாதனுடையது, இன்னொன்று மீனாக்ஷியே நோட்டில் தப்பாக எழுதியிருந்தது. அதைச் சொன்னபோதுதான் அந்தப் பெண் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்து, "மாமி, இதை என் கைடுகூடப் பாக்கலை" என்றாள்.

அச்செடுக்கும்போது இரண்டு தடவை கரண்ட் போயிற்று. மூன்றாம் தடவை இருநூற்றுப் பதினாலு பக்கமும் வந்தது.

யுனிவர்சிடி திறந்த அன்று சாயங்காலம் மீனாக்ஷி நேராக அங்கே வந்தாள். தாக்கல் ஆகிவிட்டது மாமி என்று படியிலிருந்தே சொன்னாள். ரசீது எங்கே என்றாள் கோமதி. வாங்கி, ஜன்னலோரம் போய், வெளிச்சத்தில் பிடித்து, ரப்பர் ஸ்டாம்பின் தேதியைப் பார்த்தாள். கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தாள். பெயரில் ஒரு எழுத்தும் விட்டுப்போகவில்லையே என்று விரலால் தடவிப் படித்தாள். பிறகுதான் உள்ளே போய் மீனாக்ஷிக்கு இலை போட்டாள்.