மாதப்பா பெயரில் ஒரு பென் டிரைவ்

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ருக்மணி. கொள்ளேகால் பக்கம் ஹனூர்ப் பெண். கம்ப்யூட்டர் இன்ஜினியர். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு, மைசூருவில் ஒரு கல்லூரியில் ஆன்லைன் தேர்வு மையம் நடத்த வந்தவள்.

முத்துராஜு. மண்டி மொஹல்லாவில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குக் கூட்டாளி. அவனும் ஹனூர்தான். ருக்மணி வீட்டுக்கு மூன்றாவது வீடு.

மஞ்சண்ணா. அந்தக் கல்லூரியின் அட்டெண்டர். கன்னடக்காரர். சாவிக்கொத்து எப்போதும் இடுப்பில்.

நான்.

அப்புறம், ரேக்கில் அடுக்கிய ஒன்பது சர்வர்கள். அவை பேசாது. நானும் அதிகம் பேசமாட்டேன். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

போன வாரம் நடந்தது இது.

கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபை ருக்மணி ஒப்பந்தத்துக்கு எடுத்திருக்கிறாள். வேலைத் தேர்வுகள் நடத்தும் கம்பெனி ஒன்று அவளுக்கு மையம் தர ஒப்புக்கொண்டது. ஒரே நிபந்தனை. மாலை நான்கு மணிக்கு அவர்கள் ஆள் வந்து பார்ப்பார். ஒன்பது சர்வரில் குறைந்தது எட்டு ஓட வேண்டும். ஒன்று குறைந்தாலும் மையம் வேறு கல்லூரிக்குப் போய்விடும்.

போனால்? கையில் லேப் இருக்கும், தேர்வு இருக்காது. விட்டு வந்த வேலையும் இருக்காது.

சர்வர்கள் எல்லாம் செகண்ட் ஹேண்ட். நான் வாங்கிக் கொடுத்தவை. டிஸ்க் காலி. லினக்ஸ் ஏற்ற வேண்டும் — அதுதான் எங்கள் வேலை.

இதற்கு ஒரு பென் டிரைவ் போதும். ஆனால் எந்தப் பென் டிரைவும் போதாது.

பழைய கம்ப்யூட்டர்களில் பயாஸ் என்று ஒன்று இருந்தது. இப்போது சர்வர்களில் இருப்பது யூஇஎஃப்ஐ. மெஷின் கண் விழித்ததும் 'எதை ஓட்டுவது?' என்று தேடுகிற சின்ன புரோகிராம். அதற்குப் பென் டிரைவ் ஃபேட் 32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் நல்லது. அதில் சொன்ன இடத்தில் சொன்ன ஃபோல்டர், அதற்குள் சொன்ன ஃபைல் இருக்க வேண்டும். இருந்தால் ஓட்டும். இல்லாவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது.

லினக்ஸ் முழுவதும் ஒரே கட்டாக வருகிற ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே பென் டிரைவில் எழுதிவிடலாமே என்று விவரம் தெரிந்த வாசகர்கள் கேட்பீர்கள். எழுதலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த டிரைவை யாராவது விண்டோஸில் செருகினால் 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கேட்கும். கேட்டால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? 'சரி' என்று அமுக்கிவிடுவார்கள்.

அதனால் நான் ஃபார்மட் செய்து, ஃபைல்களை நகல் எடுத்துப் போடுகிறவன். இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதிலை ஒரு ஃபைலில் எழுதி அதிலேயே வைத்துவிடுவேன். பிறகு அது என்னிடம் எதுவும் கேட்காது. எனக்கும் அது வசதி.

நான்கு பென் டிரைவ் தயார் செய்தேன். கடையில் ஒரு பழைய சர்வரில் நான்கையும் போட்டுப் பார்த்தேன். நான்கும் சுத்தமாக ஓடின. மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

டிராயருக்குச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம். ஒன்று முத்துராஜுவிடம்.

மதியம் பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தோம். ஒரு சர்வருக்குப் பவர் சப்ளையே செத்திருந்தது. மாற்று பெங்களூருவில்தான் கிடைக்கும். அதை ஒதுக்கினேன்.

"இன்னிக்கு வேற எதுவும் சாகாம இருக்கோணும்ங்ணா," என்றாள் ருக்மணி.

மிச்சம் இருப்பதில் ஒன்றுகூட போகக் கூடாது. அவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். முதல் பென் டிரைவைச் செருகினேன்.

மெனு வந்தது. இன்ஸ்டால் என்று கொடுத்தேன். கறுப்புத் திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடின. ஓடி... நின்றன.

நின்றது நின்றதுதான்.

சில நேரம் அப்படித்தான், காத்திருக்கலாம் என்று காத்திருந்தோம். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் இன்ஸ்டாலர் கைவிரித்துவிட்டு வெறும் கர்சரைக் காட்டியது.

அடுத்த சர்வர். அடுத்த பென் டிரைவ். அதேதான். மூன்றாவது, நான்காவது... அதேதான். அதற்குள் மணி இரண்டு.

மெனு வராவிட்டால் யூஇஎஃப்ஐ மேல் பழி போடலாம். மெனுதான் அழகாக வருகிறதே! ஃபைல்கள் கெட்டிருந்தால் ஒரு டிரைவ் கெடும். நான்குமா கெடும்?

மஞ்சண்ணா எட்டிப் பார்த்தார். "ஏன் அண்ணா, ஆகலியா? காபி தரட்டா?"

"ஆவட்டும் மஞ்சண்ணா, அப்பறம் குடிக்கலாம்," என்றான் முத்துராஜு. அவன் முகத்தில் கவலையே இல்லை. "எல்லாம் ஆயிரும். பயப்படாத அம்மிணி. மெனு வந்துருச்சில்ல? கடையிலயே நானும் பார்த்தேன், ஜம்முனு வந்துது."

அவன் எப்போது பார்த்தான்? எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

ருக்மணி நின்றுபோன திரையின் முன் குனிந்தாள். மொபைலில் படம் எடுத்து, பெரிதாக்கி, வரி வரியாகப் படித்தாள். அவசரப்படவில்லை. மணியைப் பார்க்கவும் இல்லை. நல்ல வேலைக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

"அண்ணா... இது எதையோ தேடுதுங்க. 'இன்ஸ்டால்'ங்கிற பேர்ல ஒரு டிஸ்க் வேணுமாம். அது வர்ற வரைக்கும் காத்துட்டு இருக்கு."

"பென் டிரைவுக்கு அந்தப் பேர்தானே வெச்சேன்."

"அப்ப ஏன் சிக்கலீங்க?"

இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். யூஇஎஃப்ஐக்குப் பென் டிரைவின் பெயரைப் பற்றி அக்கறை இல்லை. அது இடத்தைத்தான் பார்க்கும் — ஃபோல்டர் சரி, ஃபைல் சரி, உள்ளே போ. ஆனால் உள்ளே போனபின் லினக்ஸ் இன்ஸ்டாலர் விழித்துக்கொண்டு, தன் மீதிச் சாமான்களைத் தேடும். அது தேடுவது பெயரை வைத்து. எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்று மெனு ஃபைலில் எழுதியிருக்கும். அந்தப் பெயரில் டிரைவ் இல்லாவிட்டால், அதே டிரைவிலிருந்துதான் தான் கிளம்பி வந்தோம் என்பதுகூட அதற்குத் தெரியாது.

கேட்டில் விட்டுவிடுகிறார்கள். ஆபீஸ் வாசலில் பெயர் கேட்டு நிறுத்துகிறார்கள். நமக்குப் பழகியதுதானே?

பென் டிரைவைப் பிடுங்கி ருக்மணியின் லேப்டாப்பில் செருகினேன். பெயர் வந்தது.

மாதப்பா.

ஆங்கில எழுத்தில், எல்லாம் பெரிய எழுத்தில். அடுத்ததைச் செருகினேன். மாதப்பா. மூன்றாவது? மாதப்பா. நான்காவதையும் பார்த்தோம், மரியாதைக்கு.

மூன்று பேரும் முத்துராஜுவைப் பார்த்தோம்.

"ஆமாங்க," என்றான். "நாந்தான் வெச்சேன். அதுக்கென்ன இப்போ?"

முத்துராஜு அமாவாசைக்கு அமாவாசை மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவன். அந்தச் சாமியை ஊர்க்காரர்கள் மாதப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். கொள்ளேகால் போய் பஸ் மாறிப் போவான். மழையானாலும் போவான். இந்த முறை நான்கு பென் டிரைவையும் மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துப் போயிருக்கிறான். சன்னதியில் வைத்து எடுத்திருக்கிறான். புது வண்டி வாங்கினால் பேர் எழுதுவோம், கடை திறந்தால் பேர் எழுதுவோம்... பென் டிரைவில் எங்கே எழுதுவது? கடைக்கு வந்து, விண்டோஸில் செருகி, பெயரை மாற்றிவிட்டான்.

"மாத்துன பின்னாடி சர்வர்ல போட்டும் பார்த்தேன். மெனு வந்துதுங்களே!"

மெனு வரும். யார் இல்லையென்றது?

"என்னட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"சாமி காரியம். சொல்லிட்டா செய்வாங்க?"

நமக்கு நல்லது நினைக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு நல்லது செய்தால், உலகத்தில் பாதி ரிப்பேர் குறையும். இது என் அனுபவம். கடையில் வரும் வேலையில் திருட்டுக் கை செய்ததைவிட அன்புக் கை செய்தது அதிகம்.

மஞ்சண்ணாவுக்குச் சிரிப்பு. "மாதப்பா பெட்டத்து மேல, மலை மேல இருக்காரு. நீங்க இதுக்குள்ள தேடினா எப்பிடி சிக்குவாரு?"

"பேரை மாத்திரலாங்ணா," என்றாள் ருக்மணி. "ஒரு நிமிச வேலை."

நான் கை நீட்டினேன். முத்துராஜு தரவில்லை. நான்கையும் லேப்டாப் பக்கத்திலிருந்து அள்ளி உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

"அழிக்கக் கூடாதுங்க."

"முத்து."

"வேற டிரைவ் வாங்கிட்டு வர்றேன். பைக்ல போய்ட்டு ஓடி வந்துர்றேன். இதுல கை வெக்காதீங்க."

வேறு டிரைவ் வாங்கலாம். ஆனால் ஃபைல்களை இதிலிருந்தே எடுத்தாலும் நகலுக்கு அதே நேரம்தான் ஆகும். மண்டி மொஹல்லா சந்துக்குள் போய், ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் நுழைந்து, நான்கு டிரைவிலும் முதலிலிருந்து ஏற்றித் திரும்புவதற்குள் மணி மூன்றாகிவிடும். எட்டு சர்வர். நான்கு நான்காக இரண்டு சுற்று. முடியாது.

"சாமி கோவிச்சுக்க மாட்டாரு, குடு," என்றேன்.

"எனக்கில்லீங்க." அவன் குரல் இறங்கியது. "இந்த அம்மிணிக்கு வேண்டிக்கிட்டது. வேலைய விட்டுட்டு வந்துருக்குது. அவங்கய்யன் ஊர்ல ஒருத்தர்கிட்டயும் முகங்குடுத்துப் பேசறதில்ல. இந்த மையம் அமைஞ்சிரோணும்னு சன்னதியில வெச்சு எடுத்தேன். இப்ப அது கண்ணு முன்னாலயே அந்தப் பேரை அழிச்சா... நல்லாவா இருக்கும்?"

நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன்.

ருக்மணிக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. தெரிந்ததுதான். மலைக்கு அவள் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். அவன் கையைத் தட்டிவிட்டுப் பிடுங்கிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். பிடுங்கினாலும் தப்பில்லை. போகப்போவது அவளுடைய மையம்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"எங்கய்யன் என்ன சொன்னாரு உங்ககிட்ட?" அப்பாவைத்தான் கேட்டாள்.

"ஒன்னும் சொல்லல. அதான் சொல்றேன்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "சரி. பேரை அழிக்க வேண்டாம். ஒன்னு குடுங்க முத்தண்ணா. அழிக்க மாட்டேன். குடுங்க."

கொடுத்தான். அவள் டிரைவைத் திறந்து மெனு ஃபைலுக்குள் போனாள். எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்று எழுதியிருக்கும் ஃபைல் அது. 'இன்ஸ்டால்' என்று இருந்த இடத்தையெல்லாம் அழித்தாள். அழித்த இடத்தில் மாதப்பா என்று அடித்தாள்.

எனக்கு இது தோன்றவே இல்லை. பெயரும் தேடலும் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். எதை எதற்கு மாற்றினால் என்ன?

"பார்த்துக்கங்க," என்றாள். "இனி எல்லா சர்வரும் உங்காளத்தான் தேடும்."

முத்துராஜு நீட்டிய மீதி மூன்று டிரைவிலும் அதையே செய்தாள். மஞ்சண்ணா காபி கொண்டுவரப் போனார். இந்த முறை யாரையும் கேட்கவில்லை.

முதல் சர்வர். மெனு. இன்ஸ்டால். கறுப்புத் திரை. எழுத்துகள் ஓடின. அந்த வரி வந்த இடம் வந்தது... தாண்டியது. இன்ஸ்டாலர் திரை பளிச்சென்று விரிந்தது.

நான்கும் ஓடத் தொடங்கின.

இன்னும் ஒரு கண்டம் பாக்கி. இன்ஸ்டால் முடிந்ததும் சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். அந்த நொடியில் பென் டிரைவை உருவிவிட வேண்டும். உருவாவிட்டால்? சில சர்வர் மறுபடியும் பென் டிரைவுக்கே போகும். மெனு கொஞ்சம் பொறுக்கும். அப்புறம் தானாகவே இன்ஸ்டாலில் நுழையும். பதில் ஃபைல்தான் இருக்கிறதே, யாரையும் கேட்காது. ஏற்றியதை எல்லாம் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

கேள்வி கேட்காத இன்ஸ்டாலர் வசதி என்று சொன்னேன் அல்லவா? வசதிக்கு இப்படி ஒரு மறுபக்கமும் உண்டு.

உருவுகிற வேலையை முத்துராஜுவிடம் கொடுத்தேன். அவன் ரேக்குக்கு முன்னால் நின்றவன் நகரவே இல்லை. ஒவ்வொரு டிரைவையும் நேரம் பார்த்து உருவினான். கண்ணில் ஒற்றினான். அடுத்த சர்வரில் செருகினான்.

இரண்டாம் சுற்று ஆரம்பிக்கும்போது மணி மூன்று பத்து. கடைசி சர்வரின் டிஸ்க் கொஞ்சம் மந்தம். மற்றவை முடிந்த பின்னும் அது மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது.

நான்கு மணிக்கு முன்பே பரிசோதகர் வந்துவிட்டார். சீக்கிரம் வருகிற அதிகாரியை யாருக்கும் பிடிக்காது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டையில் சொருகிய தாள்.

"எஷ்டு ரெடி, மேடம்?" என்றார். எத்தனை தயார் என்று கேட்கிறார்.

"நீங்களே எண்ணிக்கங்க சார்," என்று கன்னடத்தில் சொன்னாள் ருக்மணி.

அவர் ரேக்கின் மேல்தட்டிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகத் திரையில் எடுத்து, இரண்டு கமாண்ட் அடித்து, தாளில் கோடு போட்டார். பவர் சப்ளை செத்த சர்வரிடம் நின்றார். தட்டிப் பார்த்தார். கோடு போடவில்லை. நகர்ந்தார்.

கடைசி சர்வரிடம் அவர் வந்தபோதுதான் அது ரீஸ்டார்ட் ஆனது. ஃபேன்கள் ஒரே சத்தமாக அலறின. முத்துராஜுவின் கை போய் வந்தது. அந்தக் கையில் பென் டிரைவ் இருந்தது.

திரை கறுப்பு.

"இது?" என்றார் பரிசோதகர்.

"எழுந்துட்டு இருக்கு சார். ஒரு நிமிஷம்."

சர்வர்கள் மெதுவாகத்தான் எழும். மெமரி சரிபார்க்கும், கார்டு சரிபார்க்கும், வீட்டுப் பெரியவர் மாதிரி எல்லாம் முடித்துக்கொண்டுதான் வெளியே வரும். அவர் வாட்சைப் பார்த்தார். ருக்மணி திரையைப் பார்த்தாள். மஞ்சண்ணா சாவிக்கொத்து சத்தம் போடாமல் கையால் பிடித்துக்கொண்டார்.

மூலையில் ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. பிறகு, லாகின் கேட்டது.

பரிசோதகர் கமாண்டை அடித்தார். பதில் வந்தது. தாளைத் திருப்பி, அட்டையை ரேக்கின் மேல் வைத்து, பேனாவால் கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். மொத்தம் என்ற கட்டத்தில் எழுதினார். நான் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன்.

எட்டு.