சிவப்புக் கைப்பிடி

நகரியில் கோவர்த்தனன் விசைத்தறி மெக்கானிக். தறி நின்றுவிட்டது என்று ஆள் வந்தால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து பாதியில் எழுந்து போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் யார் கூப்பிட்டாலும் அசைய மாட்டார். அன்று அவர் கத்தி செய்கிற நாள்.

குத்துகிற கத்தி அல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிற கத்தி. சந்திரகிரிக் கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்களைப் பார்த்து, வரைந்து, இரும்பைக் கெடுத்து, தானாகவே கற்றுக்கொண்டது. இந்தமுறை செய்தது பிச்சுவா. பழைய லாரியின் வில்பட்டையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு அலகை அடித்தெடுத்தார். கூர் வைக்கவில்லை. தறியில் அங்குமிங்கும் ஓடி நூல் போடுகிற மர நாடா ஒன்று தேய்ந்து கழிந்திருந்தது. அந்தக் கட்டையை அறுத்துக் கைப்பிடியின் இரண்டு பக்கமும் பொருத்தி, மேலே காளஹஸ்தியில் வாங்கிய கலம்காரிச் சாயத்தை ஏற்றினார். ஏற ஏற மரம் மாதுளை முத்தாகச் சிவந்தது.

கைப்பிடியை அவர் பசை வைத்து ஒட்ட மாட்டார். பித்தளை முளைகளை ஒரு முனை பருத்து மறுமுனை ஒடுங்க அரத்தால் ராவி, குறுக்கே அடித்து இறுக்குவதோடு சரி. மனைவி தாட்சாயணிக்கு அது தீராத கேலி.

“பசை தடவினா முடியிற வேலைக்கு நாள் பூரா ராவிக்கினு கெடக்குறியே! தறி புத்தி.”

“கழட்ட முடியாதத மாட்டக் கூடாது மே,” என்பார்.

திருப்பதியில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் இப்படிப்பட்டவற்றைச் சேர்க்கிறவர். அவரிடம் கொடுக்கத்தான் கத்தி முடிந்ததும் கோவர்த்தனன் பஸ் ஏறினார். புத்தூர் தாண்டிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ரங்கையா என்ற வனக் காவலர் பையைத் திறந்து, கத்தியை எடுத்து, விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார்.

“இதால தக்காளி கூட அறுபடாது,” என்று சிரித்தார். பிறகு கைப்பிடியை வெயிலில் திருப்பினார். சிரிப்பு போய்விட்டது. “ஏமய்யா, இது செம்மரம்தானே?”

கத்தியைக் கேட்டால் காட்ட மருத்துவரின் கடிதம் கோவர்த்தனனின் சட்டைப்பையில் இருந்தது. கட்டையைக் கேட்பார்கள் என்று அவர் நினைக்கவே இல்லை. பக்கத்துத் தெரு எத்திராஜ் வெறும் சந்தேகத்தில் செம்மரக் கடத்தல் கேஸில் மாட்டினவன். வாய்தாவுக்கு அலைந்தே அவன் பிழைப்பு போயிற்று.

“நாடாக் கட்டை சார். சாயம் ஏத்தினது.”

“எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்வாங்க. எறங்கு. ஆபீசர் வந்து பாக்கட்டும்.”

பின் சீட்டில் ஓர் அம்மாள், “கத்திய வுட்டுட்டு கட்டைய புடிக்கிறாங்களே!” என்றாள். சிலர் சிரித்தார்கள்.

“இங்கயே கழட்டிக் காட்டறேன் சார். உள்ள சிவப்பு இருக்காது.”

“ஒட்டினத எப்படிக் கழட்டுவே?”

“ஒட்டல சார்.”

சாவடியில் ஓர் ஆணியும் கல்லும் கிடைத்தன. அடித்தார்; முளை அசையவில்லை. மறுபடி அடித்தார். ரங்கையாவின் முகம் இறுகியது. அப்போதுதான் கோவர்த்தனனுக்கு உறைத்தது: பயத்தில் பருத்த முனையில் அடித்துக்கொண்டிருந்தார். கத்தியைப் புரட்டிப் போட்டு ஒடுங்கிய முனையில் ஒரு தட்டுத் தட்டினார். முளை நழுவி விழுந்தது. அடுத்ததும் விழுந்தது.

கட்டை பிரிந்தது. உள்பக்கம் தேங்காய்ப் பத்தை போல வெளுப்பு. நாடாவில் நூல் ஓடும் துளையின் பாதி அப்படியே இருந்தது. அதில் பச்சை நூல் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது.

ரங்கையா நூலை விரல்நுனியால் இழுத்துப் பார்த்தார். இறுகியிருந்த முகம் தளர்ந்தது.

“சரி, பூட்டு. நீ எப்படிப் பூட்றேன்னு பாக்கணும்.”

“பாத்துக்கினே இருங்க, திருப்பதிக்கு நாளைக்குப் போலாம்!” என்று கண்டக்டர் கத்தினார்.

முளைகள் பழைய இடத்தில் ஏறி இறுகின. ரங்கையா கைப்பிடியைப் பலமாக இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

“அடுத்ததுக்கு வேற கலர் போடுய்யா,” என்று கத்தியைத் திருப்பிக் கொடுத்தார்.

பஸ் நகர்ந்ததும் கோவர்த்தனன் வீட்டுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

“நல்லவேள சாமி,” என்றாள் தாட்சாயணி. மூக்கை உறிஞ்சினாள். “இனிமே பசை வெக்காததையே சொல்லிக்கினு வருசம் பூரா என் உசுர எடுப்பே.”

“ஆமா மே,” என்றார்.