எங்களுக்கு, நமக்கு

கோதைக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. அவள் புருஷன் சடகோபனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவள் திருத்தணிக்காரி, அவன் வடமாலபேட்டையில் தெலுங்கு மீடியம். வீட்டில் தமிழில் சண்டை போட்டுக்கொண்ட இருவரும் போனில் அரைகுறை இங்கிலீஷில்தான் எழுதிக்கொண்டார்கள். எட்டு வருஷத்துக்கு முன் அவள் மகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் அனுப்பிய கடைசிச் செய்தியும் அப்படித்தான்: “வீ கோ டுடே. கீ மஞ்சு ஹவுஸ்.” மறுநாள்தான் பார்த்தாள். பக்கத்து வீட்டு மஞ்சுவிடம் சாவி இருந்தது. சடகோபன் எங்கேயும் இல்லை.

அந்த ‘வீ’ நாமா, நாங்களா? நாம் என்றால் அவளையும் கூட்டிப்போக இருந்தான். நாங்கள் என்றால் கூட யாரோ ஒருத்தி. அந்தச் சொல்லின் பின்னால் போய்த்தான் இங்கிலீஷைப் பழகினாளோ என்னவோ, இப்போது திருப்பதியில் ஒரு கம்பெனிக்கு வீடியோ கேம்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுக்கிறாள்.

இந்த மாதக் கேமில் ஒரு பேரரசு ஏரிக்கரையை உடைத்து ஒரு நகரத்தையே மூழ்கடிக்கிறது. ஏனென்று கதையில் இல்லை. தளபதி நட்டுவைத்த கல் மட்டும் ஒரு வரி பேசுகிறது: வேறு வழியில்லை. இங்கிலீஷில் அதிலும் ஒரு ‘வீ’. தமிழில் யாருக்கு? கோதை அதை விட்டுவிட்டே அனுப்பினாள். கம்பெனியிலிருந்து தனசேகர் கூப்பிட்டான்.

“மேடம், ‘நமக்கா’, ‘எங்களுக்கா’? கல்லுல அந்த வார்த்தைதான் மின்னும். எழுதினவங்களக் கேட்டேன், அவங்களுக்கே தெரியாதாம். ஆடறவங்க யூகிக்கட்டும்ன்றாங்க. நாலு மணிக்கு ரெக்கார்டிங்.”

மகள் சுஷ்மிதாவுக்கு அன்று லீவு. எட்டிப் பார்த்தாள்.

“‘எங்களுக்கு’ன்னு போடும்மா. ஊரப் புடிக்க வந்தவன் சாக்கு சொல்றான்.”

“ஏரிக்கு அந்தாண்ட என்னமோ பூதம் வந்துகினு இருந்துதே. ஊரக் காலி பண்ணி காப்பாத்தத்தான் ஒடைச்சானோ என்னவோ.”

“காப்பாத்த வந்தவன் சொல்லிட்டுச் செய்ய மாட்டானா?”

“சொல்லியிருப்பான். கேக்க வேண்டியவங்க ஊர்ல இல்லியோ என்னவோ.”

சுஷ்மிதா அம்மாவையே பார்த்தாள். “நீ கேமப் பத்திதான பேசற?”

லேப்டாப் பக்கத்தில் ஒரு வாரமாக அந்த மனு கிடந்தது. ஏழு வருஷத்துக்கு மேல் காணாமல் போனவரை இறந்தவராக அறிவிக்கக் கேட்டு, வக்கீல் வீராசாமி தெலுங்கில் எழுதியது. ஆவணியில் சுஷ்மிதாவுக்குக் கல்யாணம்.

“பத்திரிகையில நைனா பேருக்கு முன்னாடி என்னான்னு போடறதும்மா? நீதான் முடிவு பண்ணணும்.”

கோதை ‘எங்களுக்கு’ என்று அடித்து அனுப்பினாள். பேனாவை எடுத்தாள்.

“படி. கேட்டுட்டு கையெழுத்துப் போடறேன்.”

சுஷ்மிதா தெலுங்கைப் படித்துத் தமிழில் சொன்னாள். “‘நாங்கள் அவரை எல்லா இடத்திலும் தேடினோம், எல்லோரையும் விசாரித்தோம்...’”

பேனா நின்றது. ஸ்டேஷனில் ஒரு புகார். அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் கேட்கவில்லை. சாவி வாங்கப் போன அன்றைக்கு மஞ்சுவைக்கூடக் கேட்கவில்லை. ஒரு பெண்பிள்ளை பேர் காதில் விழுந்துவிடும் என்று பயம்.

செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். மஞ்சு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அன்னிக்கி அவரு சாவி குடுக்க வந்தப்போ கூட யாரு இருந்தாங்க?”

மஞ்சுவின் கை நின்றது. “ஒண்டியாத்தாங்க்கா வந்தாரு. ரெண்டு பை. ஒண்ணுல உன் பச்சப் பொடவ தெரிஞ்சிது. கோதை வந்துடுவான்னு இந்தப் படியிலயே ஒக்காந்துகினு இருந்தாரு. ராத்திரி சூளூர்பேட்டைக்குக் கடைசி பஸ்ஸு வந்துது, ஏறிட்டாரு. நீ கேக்கவே இல்ல. ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

பீரோவிலிருந்து காணாமல் போன அந்தப் பச்சைப் புடவை எவள் உடம்பில் இருக்கிறதோ என்று எட்டு வருஷம் நினைத்தவள் வீட்டுக்குத் திரும்பினாள். முதலில் தனசேகருக்கு போன் போட்டு ‘நமக்கு’ என்று மாற்றச் சொன்னாள்.

“பேசி முடிச்சிட்டாங்க மேடம். கொரல் பிரமாதம். ‘எங்களுக்கு’ன்னு சொல்றப்ப ஒடம்பு சிலிர்க்குது.”

சுஷ்மிதா மனுவை நீட்டினாள்.

“தேடினோம்ன்றத அடிச்சிட்டு தேடலன்னு எழுதச் சொல்லு, போடறேன்.”

“அப்படி எழுதினா கோர்ட்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா.”

“அப்ப தேடிட்டு வந்து போடறேன்.” கோதை பீரோவைத் திறந்து பையை எடுத்தாள். “சூளூர்பேட்டைக்குக் கடைசி பஸ்ஸு இப்ப எத்தினி மணிக்குடி?”